பெரியம்மா சட்டை

எலப்புள்ளி
2024 செப்டம்பர் 2

அன்புத் தங்கை ஷிஜிக்கு,

போனில் பேசினால் மூன்றாம் வார்த்தையிலேயே நாம் முட்டிக்கொள்கிறோம். அதனால் இனி தபால்தான். தபாலில் குறுக்கே பேச முடியாதே.

டின்சியின் கல்யாணக் கவுனை மூணாறு பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். போன மாதம் உன் மகள் இங்கே வந்தபோது எடுத்த அளவுக்கு நானே வெட்டி நானே தைத்தேன். வெள்ளைப் பருத்தி. ஜரிகை, பூவேலை, கல் எதுவும் கிடையாது. கடைசிப் பொத்தானைத் தைத்து முடித்த பிறகும் பட்டறையில் என்னோடு வேலை செய்யும் சித்ரா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏனுங்கக்கா, இன்னும் ஏதாச்சும் வெக்கோணுங்களா?" என்றாள். இத்தனை வருஷம் கூட இருந்தவளே இப்படி.

முதன்முதலில் நான் சாதாச் சட்டையைப் பேஷன் ஷோவில் மேடையேற்றியபோது சிரித்தவர்கள்தான் இன்று அதைக் காப்பியடித்து விற்கிறார்கள். கொச்சியிலும் கோயம்புத்தூரிலும் என் வெட்டில் தைத்த சட்டையை உடுத்திய பெண்கள் எதிரே வருகிறார்கள். நம் வீட்டில் மட்டும் ஒருத்தியும் உடுத்தியதில்லை. அம்மாகூட நான் கொடுத்ததைப் பெட்டியில் வைத்துவிட்டு ஜரிகைச் சேலையோடு போய்ச் சேர்ந்தாள். அது இன்னும் எனக்குள் கிடக்கிறது ஷிஜி. டின்சியாவது உடுத்தட்டும். சர்ச்சில் அவள் அதில் நடந்து வருவதைப் பார்க்கத்தான் நவம்பரில் வருகிறேன்.

உன் அக்கா,
கத்தரீனாள்


சின்னக்கானல்
2024 செப்டம்பர் 16

பாசமுள்ள அக்காவுக்கு,

மாதா துணையால் எல்லாரும் சுகம். கவுன் பத்திரமாக வந்தது. இனி தபால்தான் என்று சொன்னாயே, கடிதம் எழுதியிருந்தால் அது இன்னும் கீழேதான் கிடக்கும். காட்டோரம் யானை நிற்கிறது, தபால்காரர் மேலே ஏறுவதில்லை. இதைப் பூப்பாறை போகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பெட்டியைத் திறந்ததும் உன்னை நினைத்துப் பாவமாகிவிட்டது. எத்தனை வேலையோ உனக்கு, பாதியிலேயே அனுப்பிவிட்டாய். கவலையை விடு, நாங்கள் முடித்துவிட்டோம். தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண்கள் எல்லாரும் வேலை முடிந்து மலையிலிருந்து இறங்கியதும் நம் வீட்டில்தான். கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பாசி, கையில் கல், அடியில் வெள்ளிப் பூ. பக்கத்து வீட்டு முத்துப்பேச்சிதான் முன்னால் நின்றாள். "பொண்ணு வெறும் உடுப்போட பீடத்துக்குப் போனா நம்மளத்தான சொல்லுவாக" என்றாள். மாப்பிள்ளை ஜோமோனின் அம்மா பார்த்துவிட்டு அசந்துபோனார்.

இப்போது முழுசாகிவிட்டது. உன் பெயருக்கு ஒரு குறையும் வராது.

அன்புடன்,
ஷிஜி


எலப்புள்ளி
2024 செப்டம்பர் 23

ஷிஜிக்கு,

அது பாதி இல்லை, முழுசுதான். வேண்டாததையெல்லாம் எடுத்து எடுத்துத்தான் அந்த இடத்துக்கு வந்தேன். என் வாழ்நாள் வேலையே அதுதான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பாசத்தில் செய்தீர்கள் என்று தெரியும். அதனால் யாரையும் திட்டக்கூட முடியவில்லை. டின்சிக்கு என் ஆசீர்வாதம். நான் வரவில்லை.

கத்தரீனாள்


சின்னக்கானல்
2024 அக்டோபர் 5

அக்கா,

யானை இறங்கிப் போனது. உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. முதல் கடிதத்தைப் படித்து அழுதேன், இரண்டாவதைப் படித்து இன்னும் அழுதேன். எங்களுக்கு விளங்காமல் போனது தப்புதான். ஆனால் நீயும் எங்களிடம் உட்கார்ந்து சொன்னதில்லையே. பத்திரிகைக்காரர்களிடம்தான் சொல்வாய்.

ஒரு பாசியைப் பிரித்துப் பார்த்தேன். ஊசித் துளை தெரிகிறது. பயந்து நிறுத்திவிட்டேன். மீதியைப் பிரிக்கவா, விடவா, நீதான் சொல்ல வேண்டும். "பெரியம்மா வரலைன்னா நா எதப் போட்டா என்ன" என்று டின்சி மூலையில் உட்கார்ந்திருக்கிறாள்.

இன்னொன்றும் இருக்கிறது, திட்டாதே. பாசி தைக்கும்போது முடிச்சுப் போடக் கவுனை உள்பக்கம் திருப்பினோம். அக்குளில் நீ வைத்திருந்த சின்னத் துண்டை முத்துப்பேச்சி பார்த்துவிட்டாள். கையை நுழைத்துத் தூக்கினாள். "ஏ ஷிஜி, கை மேல போவுது, உடுப்பு அசையலயே" என்றாள். கொழுந்து எடுக்கும்போது எங்கள் சட்டை இடுப்பைவிட்டு ஏறுவதும் அக்குளில் கிழிவதும் உனக்குத் தெரியாததா? மறுநாளே சாந்தன்பாறை தையல்காரர் நல்லமுத்துவிடம் போய் அதே கையை வைத்து ஒரு வேலைச் சட்டை தைத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். கவுனுக்குக் கல் வேண்டும் என்று நின்றவர்களே, "இதுல ஒண்ணும் வைக்காதீக, பை மட்டும் போதும்" என்கிறார்கள். இப்போது மலையில் பாதிப் பேர் அதைத்தான் போட்டிருக்கிறார்கள். 'பெரியம்மா சட்டை' என்று பெயர். பக்கத்து எஸ்டேட்டிலிருந்தும் கேட்டு வருகிறார்கள். பெரியம்மா யார் என்று அவர்களுக்குத் தெரியாது.

கோபம் இருந்தால் அப்படியே வைத்துக்கொள். வந்துவிடு.

உன்,
ஷிஜி


எலப்புள்ளி
2024 அக்டோபர் 12

என் ஷிஜிக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் சத்தமாகப் படித்தேன். சித்ரா சிரித்த சிரிப்பில் எல்லாரும் மெஷினை நிறுத்திவிட்டார்கள். நான் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன். எத்தனையோ மேடையில் கை தட்டியிருக்கிறார்கள், இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

பாசியைப் பிரிக்காதே. பிரித்ததையும் திரும்ப வைத்துத் தைத்துவிடு. எனக்கு அது பிடிக்கவில்லை, கல்யாணத்தன்றும் பிடிக்காது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். டின்சியை மூலையிலிருந்து எழுந்து வரச் சொல்.

நல்லமுத்துவிடம் ஒன்று சொல். அக்குள் துண்டைத் துணியின் குறுக்கே சாய்த்து வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

லயத்தில் எல்லாருடைய சட்டையைப் பற்றியும் எழுதியிருக்கிறாய், உன்னுடையதைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் கோபித்துக்கொள்வேன் என்று நீ மட்டும் தைத்துக்கொள்ளவில்லை, அப்படித்தானே? உன் அளவு எனக்குத் தெரியாது ஷிஜி. ஊருக்கெல்லாம் தைத்தேன், உன் தோளில் ஒருநாள் டேப் வைத்ததில்லை.

அளவை எழுதி அனுப்பாதே. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே வருகிறேன். நானே எடுத்துக்கொள்கிறேன்.

உன் அக்கா,
கத்தரீனாள்