ஓசை அடங்கிய பீலி

அனுப்புநர்:
மூ. சோலைமலை,
தேயிலைக் கவ்வாத்துத் தொழிலாளி,
ஐந்தாம் லயம், கல்லுமலைத் தோட்டம்,
கொட்டகலை.

பெறுநர்:
அரசாங்க அதிபர் அவர்கள்,
நுவரெலியா.

பொருள்: மலையில் செலுத்திய பசையால் என் மனைவி இறந்தது, மரணக் குறிப்பைத் திருத்தக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. எங்கள் இருபது குடும்பங்களுக்கும் தண்ணீர் தருவது லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே, மலை ஊற்று கல்லில் கொட்டும் ஒரே பீலி. என் மனைவி பூரணிக்குச் சிறு வயதில் அம்மை கண்டதில் இரண்டு கண்ணும் போயின. பீலி விழும் சத்தத்தை வைத்தே முப்பது வருடம் குடத்தோடு போய் வந்தாள். ஒரு நாளும் கால் தவறியதில்லை.

2. தோட்டத் தொழிற்சாலைக்குத் தண்ணீர் தேடி ஒரு கம்பெனியார் மேல்மலையில் துளை போட்டார்கள். பாறை பிளப்பதற்காக, கொத்தவரை விதைத் தூளைக் கரைத்த பசையை இயந்திரத்தால் உள்ளே அழுத்தினார்கள். ஒக்டோபர் 8ஆம் திகதி அது எங்கள் பீலியில் வந்தது. தண்ணீர் நூலாக இழுபட்டது. கல்லில் விழுந்தும் சத்தமே இல்லை. நாய்களும் கிட்டே போகவில்லை. பூரணி வாசலில் நின்று, "பீலி மூச்சடக்கிக்கிட்டு நிக்குதுங்க. நம்ம பேசுறத கேக்குது" என்றாள்.

3. இன்னதென்று எங்களுக்கு எவரும் தமிழில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மலையைக் குடைந்ததால் அம்மன் கொதித்துவிட்டாள் என்று நினைத்து, அவளைக் குளிரவைக்க, குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் மஞ்சள் கரைத்து ஐந்து நாள் குடம் குடமாக அந்தத் துளையில் ஊற்றினோம். யோசனை சொன்னவன் நான்.

4. ஆறாம் நாள் மத்தியானம், பீலிக்குக் குரல் வந்துவிட்டதா என்று பார்க்கத் தனியே போனாள் பூரணி. பாதை எங்கே முடிகிறது என்று சொல்லச் சத்தம் இல்லை. பள்ளத்தில் விழுந்து இறந்தாள். மரணக் குறிப்பில் "பார்வையற்றவர், கவனக்குறைவு" என்று எழுதியிருக்கிறார்கள். அது பொய்.

5. அடக்கம் முடிந்த பிறகுதான் கம்பெனி எஞ்சினியர், தோட்டக் கிளாக்கர் மூலம் தமிழில் விளக்கினார். பசையை இளக்க இன்னொரு தூளும் சேர்த்திருக்கிறதாம். பாறையின் சூட்டில் மூன்று நாளில் நீர்த்துவிடுமாம். குளிர்ந்தால் அப்படியே கிடக்குமாம். நான் நம்பவில்லை. பீலித் தண்ணீரை இரண்டு போத்தலில் பிடித்து, ஒன்றை அடுப்போரமும் ஒன்றை ஜன்னலிலும் வைத்தேன். அடுப்போரம் இருந்தது மூன்றாம் நாள் தெளிந்துவிட்டது. மற்றது இன்னும் நூலாக இழுபடுகிறது. இரண்டையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

அடுத்த மாதம் மறுபடியும் அழுத்தப் போகிறார்களாம். எந்தெந்த நாளில் பீலி ஊமையாகும் என்று முன்கூட்டியே தமிழில் அறிவிக்கக் கட்டளையிடுங்கள். என் மனைவியின் குறிப்பிலிருந்து "கவனக்குறைவு" என்பதை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில், சொல்லாமல் விட்ட கம்பெனியை எழுதுங்கள். பக்கத்திலேயே, குளிர்ந்த தண்ணீர் ஊற்றியவன் சோலைமலை என்று என் பெயரையும் எழுதுங்கள், ஐயா.

கொட்டகலை
18.11.1962

இங்ஙனம்,
மூ. சோலைமலை
(இடது பெருவிரல் ரேகை)