கைப்பிடி இல்லாத நாற்காலி

ஜூன் 3, செவ்வாய்

திண்டிவனம் உடற்பயிற்சி சென்டரில் என் பைலேட்ஸ் வகுப்புக்குப் புதிதாகக் குணமதி அக்கா வந்தார். மல்லாட்டை மண்டி வைத்து நிலக்கடலை வியாபாரம் செய்பவர் வீட்டம்மா, ஜைனக் குடும்பம். கனத்த உடம்பு. பாயில் படுக்கச் சொன்னேன், படுத்தார். எழுந்திருக்க முடியவில்லை. நானும் உதவியாளர் அஸ்வினியும் ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கினோம்.

"எடை கொறையலன்னா போவுது மலரு. ஜினாலயத்துல எல்லாரும் கீழ உக்காந்திருக்காங்க, நான் மட்டும் தூண் கிட்ட நின்னுக்கினு இருக்கேன். உக்காந்தா எழுப்பறதுக்கு ரெண்டு மருமவளும் வரணும். நானா எழுந்திருச்சா போதும்."

நான் படித்த பாடத்தில் இதற்கு ஒரு பக்கம்கூட இல்லை. எல்லாப் படத்திலும் ஈர்க்குச்சி உடம்பு.

ஜூன் 6, வெள்ளி

படுத்துச் செய்வதையெல்லாம் உட்கார்ந்து செய்யும்படி மாற்றினேன். கால்களைச் சேர்த்து வைக்கச் சொல்வதில்லை. வயிறு இடம் கேட்கிறது, கொடுத்தால் என்ன?

ஆனால் சென்டரில் இருப்பது கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி. அக்கா எழுந்தால் அதுவும் கூடவே எழுகிறது. கைப்பிடி இல்லாதது வேண்டும் என்று ஓனர் சீனுவாசன் சாரிடம் கேட்டேன்.

"சேர்ல ஒக்காந்து பண்றதுக்கு இன்னாத்துக்கு பைலேட்ஸு? கல்யாண மண்டபத்துக்குப் போவச் சொல்லு."

பேஜாரான மனுஷன்.

ஜூன் 10, செவ்வாய்

விழுப்புரத்திலிருந்து எங்கள் வீட்டுக் கைப்பிடி இல்லாத மர நாற்காலியை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனேன்.

ஜூலை 4, வெள்ளி

அக்கா பாயில் ஒருக்களித்து, முழங்காலில் வந்து, நாற்காலியைப் பிடித்து எழுந்துவிட்டார்! பிடிமானம் இன்னும் வேண்டியிருக்கிறது. மூச்சை விட்டபடி எழச் சொன்னால் அடக்கிவைத்துக்கொள்கிறார்.

ஜூலை 22, செவ்வாய்

வாசலில் எடை மெஷின். 'ரிசல்ட் டே'யாம். எல்லோரையும் பாயில் உட்காரவைத்து, சார் ஒவ்வொருவர் எடையையும் உரக்கப் படித்தார். அக்காவுக்கு ஒன்றும் குறையவில்லை.

"ராத்திரி சாப்பாட்ட கொறைங்க மேடம்."

"பொழுது சாஞ்சா எங்க வீட்டுல யாரும் சாப்புடறதே இல்லீங்களே."

"அப்போ பகல்லயே ரெண்டாள் சாப்பாடு உள்ள போவுதுபோல."

எல்லோரும் சிரித்தார்கள். அஸ்வினியும். என் நாற்காலி மூலையில், எட்டாத தூரத்தில்.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. ஒருக்களித்தார். முழங்காலில் வந்தார். வெறும் தரையில் கை ஊன்றி, மூச்சை விட்டபடி எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பாவி, அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷம்தான் முதலில் வந்தது. அப்புறம்தான் கோபம் வந்தது.

"சார், தனியா எழுந்தாங்க. பாத்தீங்களா?"

"எழுந்து வெளியதானே போனாங்க?"

ஜூலை 23, புதன்

போன் செய்தேன், அக்கா எடுக்கவில்லை. ஏன் எடுக்க வேண்டும்? நானும் அந்த அறையில்தானே நின்றேன்? வீட்டுக்கு வந்து சொல்லித் தருகிறேன் என்று மெசேஜ் போட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சென்டர் வாசலில் புது பேனர் — 'நாற்காலி பைலேட்ஸ், எடை குறைவது உறுதி.' படத்தில் ஈர்க்குச்சியாட்டம் அஸ்வினி, என் வீட்டு நாற்காலியில்!

உள்ளே போனேன். நாற்காலியைத் தூக்கினேன். இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

"இன்னாமா, வூட்டையே காலி பண்ணிக்கினு வர்றியா?" என்றார் கண்டக்டர்.

விக்கிரவாண்டி தாண்டும்போது குணமதி அக்காவின் குரல் பதிவு வந்தது. "இன்னிக்கு ஜினாலயத்துல கீழ உக்காந்தேன் மலரு. எழுந்திருக்கறப்ப பெரிய மருமவ கை குடுத்தா, வேணாம்னுட்டேன். உனக்கு மட்டும் சொல்லணும்னு தோணிச்சு. வீட்டுக்கெல்லாம் வராதம்மா. இனிமே எந்த கிளாஸும் வேணாம் எனக்கு."

பஸ்ஸில் சீட் இல்லை. நடுவில் நாற்காலியைப் போட்டு, விழுப்புரம் வரை அதிலேயே உட்கார்ந்து வந்தேன்.