அம்மாவின் தலைமாட்டு மரம்

பீரபரூ,
இலையுதிர் காலக் கடைசி.

என் மகள் ஷிலேருக்கு,

அப்பா நலம். முழங்கால் வலி போன வருடத்து அளவிலேயே இருக்கிறது. ஸ்வீடனில் பனி தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொள். போனில் சொன்னால் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

கல்லறைத் தோப்பு ஓக் மரங்களை நீ படத்தில் பார்த்தாய். பட்டை வெடித்து, கரி பூசியதுபோல் கறுத்து, நீர் வடிகிறது. உள்ளே வண்டின் புழுக்கள். நோய் கண்டவற்றை வெட்டி, வசந்தத்தில் வண்டு பறப்பதற்குள் எரிக்காவிட்டால் தோப்பே போய்விடும் என்று எழுதியிருந்தாய். நானும் புத்தகங்களைப் புரட்டினேன். நீ சொன்னது சரி என்றே தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது, பெரும்பாலான நேரம்.

மற்றச் சரிவுகளெல்லாம் விறகுக்கும் கரிக்கும் போய்விட்டன. தோப்பு மட்டும் நிற்பதற்குக் காரணம், இறந்தவர்களின் மரத்தில் நம் ஆட்கள் சுள்ளிகூட ஒடிக்காததுதான். நீலச் சிறகுக் காக்கை அங்கிருந்துதான் கொட்டைகளைத் தூக்கிப்போய் மொட்டைச் சரிவில் புதைக்கும். அது மறந்தவை கன்றாகும். கீழே ஊற்று ஓடுவதும் அந்த வேர்களால்தான். தோப்பு போனால் விதையும் இல்லை, தண்ணீரும் இல்லை. வெள்ளிக்கிழமை, பள்ளிவாசல் முற்றத்தில் ஊரார் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது இதைச் சொல்லி, நோய் கண்ட மரங்களை வெட்டியே ஆக வேண்டும் என்று எழுந்து நின்று பேசினேன்.

ஆட்டுக்காரன் சிவப்பு ஹமா, "வாத்தியாரே, உசுரோட இருக்கறவங்களுக்கு ஒரு மரம் மிச்சம் வைக்கல. செத்தவங்களோடதையும் புடுங்கணுமா?" என்றான். வாசலில் நின்ற ஹாஜர், "கொஞ்சம் சத்தமாப் பேசுங்க வாத்தியாரே. எங்களுக்கே கேக்கல, மண்ணுக்குள்ள இருக்கறவங்களுக்கு எப்படிக் கேக்கும்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். உட்காரப் போனபோது அவளே மறுபடியும், "சரி, வெட்டுங்க. மொதல்ல உங்க வீட்டம்மா தலைமாட்டு மரம். அது விழுந்த அன்னைக்கே எம் புருஷன் தலைமாட்டு மரத்தை நானே வெட்டறேன். பின்னாடியே ஊர் முழுக்க வெட்டும்" என்றாள். யாரும் மறுக்கவில்லை. அதை நான் ஒப்பந்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

நம் ஊரில் யாரும் ரம்பம் எடுக்க மாட்டார்கள். மலைக்கு அந்தப்பக்கம் ஒருவனைத் தேடிப் பிடித்தேன். அவனுக்கு இங்கே புதைத்த உறவு யாரும் இல்லை. கல்லறையருகே நின்று உன் அம்மாவிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினோம். மரத்தின் உள்பாகம் பஞ்சாக உதிர்ந்தது, முழுக்கப் புழு. நீ சொன்னது சரி. கிளைகூட கல்லறைக் கல்லின்மேல் படாமல் சரிந்தது.

சத்தம் கேட்டு ஊர் வந்தது. ஹாஜர் வெறுங்கையோடு வந்தாள். வேர்ப்பக்கம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "வெளையாட்டுக்குச் சொன்னேன் வாத்தியாரே! உங்களால ஒரு கோழிய வெரட்ட முடியுமா? நீங்க போய் வெட்டுவீங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள். ஹமா என் முகத்தைப் பார்க்காமல், "இனிமே ஒருத்தனும் இங்க ரம்பம் கொண்டுவரக் கூடாது" என்றான். அதற்கும் யாரும் மறுக்கவில்லை.

மரத்தை ஓடைப்பள்ளத்தில் நான் ஒருவனாகவே எரித்தேன். ஒரு மரத்தை எரித்து என்ன பயன் என்று கேட்பாய். ஹாஜருடைய கணவன் மரத்தில் நீர் வடிவது நிற்கவில்லை. அதையடுத்தவற்றிலும் கறுப்பு ஏறிவிட்டது. வசந்தத்தில் வண்டு பறக்கும். இதைத் தடுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. இப்போதெல்லாம் ரொட்டிக் கடையில் என் சலாமுக்குப் பதில் வருவதில்லை.

விதை கேட்டிருந்தாய். பொறுக்கியவற்றை வாளித் தண்ணீரில் போட்டேன். நல்லது மூழ்கும், சொத்தை மிதக்கும். எல்லாம் மிதந்தன. ஒன்று மட்டும் மெல்லக் கீழே போனது. அது மூழ்கியதா, நான் மூழ்க வேண்டுமென்று பார்த்துக்கொண்டிருந்தேனா, உறுதியில்லை. ஈரத்துணியில் சுற்றி இதோடு வைத்திருக்கிறேன். வழியிலேயே காய்ந்துவிடலாம். முளைக்காவிட்டால் எனக்குச் சொல்லாதே.

அம்மாவின் கல்மேல் இப்போது வெயில் விழுகிறது. மதியத்தில் குடையோடு போய் உட்காருகிறேன். குளிர்காலத்துக்கு இது போதும். கோடைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நான் வெட்டியது சரிதான் என்று உனக்குத் தோன்றினால் ஒரு வரி எழுது. தோன்றாவிட்டால் அங்கத்திய பனியைப் பற்றி எழுது, புரிந்துகொள்வேன்.

உன் தலைக்குமேல் இறைவன் எப்போதும் நிழல் வைத்திருக்கட்டும், மகளே.

உன் அப்பா,
தவ்ஃபீக்