உன் வீட்டு எண்ணையும் புரொஃபைலில் சேர்த்துவிட்டேன்

மேஜை இழுப்பறையைத் திறந்தால் முதலில் கையில் படுவது, ரவுட்டரைக் கம்ப்யூட்டரோடு இணைத்து அமைக்க நீ வைத்திருந்த நீல நிற கன்சோல் கேபிள்தான். முனையில் கிளிப் உடைந்த இடத்தில் நீ சுற்றிவைத்த பூக்கட்டும் நூல் இன்னும் அவிழவில்லை. புதிதாக ஒன்று வாங்கலாம் என்றால், "ஓடுதுல்ல அப்பு, ஓடட்டும்" என்பாய். போன மாதம் புது ரவுட்டர் வந்து இறங்கியபோது அதே கேபிளைத்தான் எடுத்தேன். நூல் அவிழ்ந்துவிடாமல் பார்த்துப் பார்த்துச் சொருகினேன்.

திண்டுக்கல்லில் நாம் இருவரும் வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்கும் இந்தக் கடையைப் போட்ட புதிதில், ஒவ்வொரு வீட்டு லைனுக்கும் அடையாளமாக ஒரு விலான் எண் கொடுப்போம். அந்த எண்ணுக்கு ரவுட்டரில் ஒரு சப்இன்டர்ஃபேஸ், அதாவது அந்த வீட்டுக்கென்று ஒரு தனி வாசல், நான் கையால் அடித்துத் திறக்கவேண்டும். நீ எரியோட்டிலோ ஆத்தூரிலோ யார் வீட்டிலாவது நெட்டுப் பெட்டியை மாட்டிவிட்டு போன் போடுவாய். "வந்துருச்சா?" "வந்துருச்சு அப்பு." அடுத்து எந்த வீட்டுக்குப் போகிறாய் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பாய்.

புரொஃபைல் யோசனை உன்னுடையது. ஒரு மாதிரியை ஒரே தடவை எழுதி, எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை என்று சொல்லிவிட்டால் போதும். ஒரு வீட்டில் பெட்டியைப் போட்டு அதிலிருந்து முதல் தகவல் வந்ததும் வாசல் தானாக உருவாகும். பெட்டியை அணைத்தால் கொஞ்ச நேரத்தில் தானாக மறையும். எனக்குப் பிடிக்கவில்லை. கையால் எழுதினால்தான் அந்த வீடுகள் என் பொறுப்பில் இருப்பதாக எண்ணம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"நீ காய்ச்சல்ல படுத்தா எவன் உக்காந்து அடிப்பான்? நாம இல்லாட்டியும் ஊருக்கு நெட்டு வரணும்ல" என்றாய். அன்றைக்கு அது வெறும் வேலைப் பேச்சு.

எல்லா வீட்டையும் புரொஃபைலில் சேர்த்தவன் உன் வீட்டை மட்டும் வெளியே விட்டு, பழையபடி கையால் எழுதச் சொன்னாய். புதிதாக எதைச் செய்து பார்ப்பதானாலும் உன் வீட்டு லைனில்தான் பார்ப்போம். கெட்டுப்போனால் திட்டுவது உன் மனைவி மட்டும்தானே என்பது உன் நியாயம். "ஊருக்கெல்லாம் நல்ல நெட்டு, இந்த வீட்டுக்கு மட்டும் சோதனையாண்ணே?" என்று அவள், நான் தங்கச்சி என்றே கூப்பிடுபவள், என்னிடம் முறையிடுவாள். நீ வெஞ்சனத்தை அள்ளிப் போட்டுக்கொண்டு காது கேளாதவனைப் போலச் சாப்பிடுவாய்.

வேடசந்தூர் சாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஓரங்கட்டினாயாம். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தங்கச்சி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கொடைரோட்டில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மற்ற வீடுகளைப் பூட்டினால் திரையிலிருந்து மறைந்துவிடும். கையால் எழுதிய உன் வீடு மறையவில்லை. தினமும் காலையில் 'டவுன்', அதாவது லைன் இல்லை, என்று என் முன்னால் நின்றது. அதைப் பார்க்கவும் முடியவில்லை, அழிக்கவும் மனம் வரவில்லை.

புது ரவுட்டரில் அதை முடிவு செய்தே ஆகவேண்டியிருந்தது. மறுபடி கையால் எழுதினால், பூட்டிய வீட்டை இன்னும் எத்தனை காலம் பார்த்துக்கொண்டிருப்பது? எழுதாமல் விட்டால் உன்னை நானே வெளியே தள்ளியதாகிவிடும். கடைசியில் புரொஃபைலின் எல்லையை நீட்டி உன் வீட்டு எண்ணையும் உள்ளே சேர்த்தேன். மறுநாள் காலையில் திரையில் ஊரே இருந்தது. உன் வரி இல்லை. கடைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நேற்று மத்தியானம் தங்கச்சி போன் செய்தாள். பிள்ளையின் படிப்புக்காக வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாளாம்.

"வீட்டக் கூட்டிட்டு பெட்டியப் போட்டேண்ணே. பச்ச லைட்டு எரியுது. அங்கிட்டு வந்துருச்சா?"

திரையைப் பார்த்தேன். உன் வீட்டு எண் இருந்தது. நான் எதையும் தொடவில்லை.

"வந்துருச்சும்மா" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். நான் மட்டும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அடுத்து எந்த வீடு என்று நீ சொல்லுவாய் என்று காத்திருந்தேன்.