ரத்தம் வந்தால் தொடாதே

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் தூறல். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ் பத்து நிமிடம் தாமதம். கேன்டீனில் வடையைக் கடித்தபோது கீழ்வரிசை முன்பல் அசைந்தது. நாக்கால் தொட்டேன். மறுபடி அசைந்தது. மீதி வடையைப் பக்கத்து மேசை கமலா அக்காவிடம் தள்ளிவிட்டேன்.

"பல்லுதானே லா, கழட்டிட்டு புதுசு மாட்டிக்கோ." முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பு வேறு. எரிச்சல்.

எனக்கு முப்பத்தாறு. அப்பாவுக்கு முப்பத்தெட்டில் வாயில் ஒன்றுகூட மிச்சமில்லை. வெற்றிலை, சுருட்டு எதுவும் கிடையாது அவருக்கு. பயமாக இருக்கிறது.

வாங்க வேண்டியது: தேங்காய், சோப்பு, தர்ஷினிக்குப் பள்ளிக் காலுறை.

ஆகஸ்ட் 6, புதன்

அரை நாள் லீவு. பல் கிளினிக். வெளியே வெயில், உள்ளே ஏசி. டாக்டர் சின்னப் பெண், தமிழ் முஸ்லிம். எக்ஸ்ரே எடுத்தார். சொத்தை ஒன்றும் இல்லையாம். ஈறுக்கு அடியில் எலும்புதான் பாதி கரைந்துவிட்டதாம்.

"சுகர் இருக்கா அக்கா? சிகரெட்?"

இல்லை. இல்லை.

"குடும்பத்துல யாருக்காச்சும் சின்ன வயசுலயே பல்லு ஆடிச்சா?"

அப்பா 38. அத்தை 35. அண்ணன் 40. சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்.

"இது சில குடும்பத்துல வழிவழியா வரும் அக்கா. அவங்க ஈறு கிருமிய தாங்காது. ஆமா, முன்பல்லுகிட்ட மட்டும் ஏன் பிரஷ் படல?"

"ரத்தம் வரும் டாக்டர்."

அப்பா சொல்லிக் கொடுத்தது. ரத்தம் வர்ற எடத்த தொடாதே, தானா ஆறட்டும். அவரும் தொட்டதில்லை, அண்ணனும் தொட்டதில்லை.

"ரத்தம் வர்ற எடத்துலதான் அக்கா மெதுவா தேய்க்கணும். அழுக்கு அங்கதான் உக்காந்திருக்கு."

முப்பது வருடப் பழக்கம். வெட்கமாக இருந்தது.

"பிள்ளைங்க?"

"ஒரே மக. பதிமூணு வயசு."

பேனா நின்றது. "சீக்கிரம் கூட்டிட்டு வாங்க. சிலருக்கு அந்த வயசுலயே ஆரம்பிச்சிடும். வலிக்காது, அதனால தெரியாது. ஆரம்பத்துலயே புடிச்சிட்டா நிறுத்தலாம்."

13ஆம் தேதி, மாலை 4.30.

அப்பா சொன்னதை நான் தர்ஷினியிடம் சொன்னதில்லை என்றுதான் நினைக்கிறேன். பிரஷ் வாங்கித் தருவதோடு சரி.

ஆகஸ்ட் 7, வியாழன்

நிபோங் திபால் அத்தைக்கு போன். விஷயத்தைச் சொன்னேன்.

"நம்ம வம்சத்துக்கே அப்படித்தாண்டி. இதுக்குப் போயி டாக்டரா? நூலப் போல சேல, தாயப் போல புள்ள. ஒம்மவளுக்கும் இப்பவே பல்லு செட்டுக்குச் சொல்லி வெச்சிரு."

சிரிப்பில் அவருடைய பொய்ப்பல் கடகடத்தது. விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனாலும் "வைக்கிறேன் அத்தை" என்றுகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். இப்படிச் செய்தது இதுதான் முதல் தடவை.

பல்லில் தர்ஷினி அவள் அப்பாவைக் கொண்டிருக்கட்டும். இவர் எலும்பையே கடித்து மெல்கிற ஆள். முருகா, அந்த வாயைக் கொடு அவளுக்கு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. பழைய ஆல்பத்தை எடுத்தேன். அப்பா அம்மா கல்யாணப் படத்தில் அப்பா பல் தெரியச் சிரிக்கிறார். என் முதல் பிறந்தநாள் படத்தில் உதடு மூடியிருக்கிறது. அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் பல் தெரியவில்லை. இத்தனை வருடம் அவரைக் கோபக்காரர் என்றே நினைத்திருந்தேன்.

தர்ஷினி கொய்யாவைப் புளிப்புத்தூளில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். கடித்த இடத்தில் சிவப்பு. தூளும் சிவப்புத்தான். வாங்கிப் பார்ப்பதற்குள் வாயில் போட்டுக்கொண்டாள்.

"வாயத் திற."

"என்னம்மா! ஸ்கூல்ல நர்ஸ் பாத்தாச்சு. ஓட்டையே இல்லன்னாங்க."

வெள்ளை வெளேரென்று முத்து மாதிரி பல். எனக்கும் ஓட்டை கிடையாது என்று அவளிடம் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் சிரிக்கும்போது கையால் வாயை மறைக்கிறாள். வயசுப்பிள்ளைக்கு வெட்கம் என்று விட்டிருந்தேன். வேலையில் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கம்ப்யூட்டர் சில்லு ஒவ்வொன்றிலும் கீறல் தேடுகிறவள் நான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஓவர்டைம் வேண்டாம் என்றேன். சூப்பர்வைசர் முகம் சுளித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்பார்கள், எனக்கு அதற்கும் வழியில்லை. நேற்று தர்ஷினியின் பிரஷ்ஷில் ரத்தக் கறை இருக்கிறதா என்று பார்த்தேன். சுத்தமாகக் கழுவியிருந்தது. மிகச் சுத்தமாக.

ஆகஸ்ட் 13, புதன்

மழை இல்லை. 4.30க்கே கூப்பிட்டுவிட்டார்கள். தர்ஷினி நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு படுத்திருந்தாள். டாக்டர் மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லின் ஓரமாக ஈறுப் பள்ளத்தின் ஆழத்தை அளந்து நர்சிடம் எண் சொன்னார். மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் பயமில்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தார்.

ரெண்டு. ரெண்டு. மூணு. ரெண்டு.

நான் மூச்சு விட்டேன். கம்பி கீழ்வரிசை முன்பல்லுக்கு வந்தது.

அஞ்சு. ஆறு. ஆறு.

நர்ஸ் எழுதிக்கொண்டார். டாக்டர் என் பக்கம் திரும்பவில்லை. அவளிடம் தன்மையாகக் கேட்டார்: "இந்த எடத்துல மட்டும் ஏன்மா பிரஷ் படல?"

தர்ஷினி என்னைப் பார்த்தாள். சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளையின் முகம்.

"அம்மாதான் சொன்னாங்க, ரத்தம் வந்தா தொடாதேன்னு. அஞ்சாம் ஆண்டு படிக்கிறப்பலேர்ந்து நான் தொடவே இல்ல டாக்டர்."