வியாழக்கிழமை ரத்தம்

சுயாமா, நவம்பர் 6

அன்புள்ள கயோகோ,

மலையில் மூடுபனி இறங்கிவிட்டது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நேற்று ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது ரயிலில் ஒரு அம்மாள் என் கைப் பஞ்சைப் பார்த்தார். "மகளுக்கு ரத்தம் குடுத்துட்டு வரேன்" என்றேன். "அடடா, பொண்ணுக்கு என்ன வியாதிங்க?" "ஆராய்ச்சி" என்றேன்.

விடுவாரா? விளக்கினேன். காயம் பட்டால் ரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள கொலாஜன் என்ற புரதம் வெளியே தெரியும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவின் மேற்பரப்பில் உள்ள ஏற்பி அதைத் தொட்டதும் உள்ளே செய்தி ஓடும். தட்டணு சிலிர்த்து மற்றவற்றையும் கூப்பிடும். தீயை முதலில் பார்த்தவன் மணியடிப்பதுபோல.

உன் அம்மா இறந்த பிறகு, ரத்தம் எடுத்ததும் நாம் சேர்ந்து உடான் நூடுல்ஸ் சாப்பிடும் அந்த அரைமணிதான் எனக்கு மாதம் முழுவதும். அடுத்த மாதமும் வருவேன்.

உன் அப்பா,
செய்ஜி

ஒகயாமா, நவம்பர் 10

அப்பாவுக்கு,

நீங்கள் அனுப்பிய சீமைப் பனிச்சைப் பழங்கள் வந்தன. நன்றி.

உங்கள் தட்டணுக்களில் கொலாஜன் கலந்தேன். கருவியின் திரையில் ஏற வேண்டிய கோடு பாதியில் படுத்துவிட்டது. "வாத்தியார் ரத்தமே கிளாஸ்ல தூங்குது பாரு" என்று ஆய்வகத் தோழி ஹமதா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏற்பி தொட்டிருக்கிறது. மற்றவற்றைக் கூப்பிடும் பொருள்தான் உருவாகவில்லை. ஆஸ்பிரின் செய்கிற வேலை இது.

மருந்து எதுவும் இல்லை என்றுதானே ஒவ்வொரு முறையும் சொன்னீர்கள்?

கயோகோ

சுயாமா, நவம்பர் 13

அன்புள்ள கயோகோ,

வசந்தத்தில் என் இதயக் குழாயில் அடைப்புக்காக ஸ்டென்ட் என்கிற வலைக்குழாய் வைத்தார்கள். ஆஸ்பிரினை ஒருநாளும் விடக்கூடாது என்றார் மருத்துவர். பத்து நாள் மருந்தில்லாத ரத்தம்தான் உனக்கு ஆகும். அதனால் ஒவ்வொரு முறையும் நிறுத்தினேன். இந்தமுறை புறப்படும் காலையில் நெஞ்சு இறுகியது. பயந்து ஒன்று போட்டுக்கொண்டேன். உன் வேலையைக் கெடுத்துவிட்டேன்.

என்னை நீக்கிவிடாதே. டிசம்பரில் ஒழுங்காக நிறுத்திவிட்டு வருகிறேன்.

அப்பா

ஒகயாமா, நவம்பர் 15

அப்பா,

உங்களை நீக்கிவிட்டேன். இனி ஹமதாவின் கணவர் ரத்தம் தருவார்.

மாத்திரையை நிறுத்தினால், என் சோதனைக் குழாயில் கட்டியாகும் அதே தட்டணுக்கள் உங்கள் வலைக்குழாயிலும் கட்டியாகி அதை அடைத்துவிடும். தினமும் ஆய்வகத்தில் அதைப் பார்க்கிறேன். உயிரியல் நடத்திய உங்களுக்குத் தெரியாதா? இதைப் படித்ததும் மாத்திரையைப் போடுங்கள், மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். பிறகு என்னை ஃபோனில் கூப்பிட்டு "போட்டுட்டேன்" என்று சொல்லுங்கள். தினமும் சொல்லுங்கள்.

வரும் வியாழன் லீவு போட்டிருக்கிறேன். காலை ரயிலில் நான் வருகிறேன். ரத்தம் எடுக்காமல் உங்களோடு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. வந்து பார்க்கிறேன்.

கயோகோ