காலந்தாண்டியின் மஃப்ளர்

ஃபோர்ட் வெய்ன், இந்தியானா
1984 ஜூலை 23, திங்கள்

அன்புள்ள தம்பி டெல்மருக்கு,

நானும் உன் அண்ணி அடலைனும் நலம். படகுகளுக்கு வண்ணம் பூசும் உன் வேலையும், மெயின் கடற்கரைக் குளிரில் உன் உடல்நிலையும் சீராக இருக்கும் என்று நம்புகிறேன்.

நீ பல ஆண்டுகள் வரைந்த காலந்தாண்டியின் படக்கதைகளில் கடைசிக் காட்சிதான் முதல் பக்கத்தில் வரும். வக்கீலாகக் கட்சிக்காரர்களுக்கு எழுதும்போது நான் ஒருபோதும் கையாளாத முறை அது. இன்று கையாள்கிறேன்: வென்றுவிட்டோம். உன் கடைசி இதழ் நிலைத்துவிட்டது. இந்த வாக்கியங்களில் மிகை ஏதேனும் இருக்கிறதா என்று மீண்டும் படித்துப் பார்த்தேன். இல்லை.

இனி நடந்ததை முறைப்படி சொல்கிறேன்.

நீ அந்தப் பத்திரிகையை இப்போது பார்ப்பதில்லை என்று அறிவேன். வேறு கைகள் வரைந்தாலும் உன் அண்ணி மாதந்தோறும் வாங்குகிறாள். மே மாதத்தில் ஒரு காலை, அதன் வாசகர் கடிதப் பக்கத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, “இதப் படிங்க. அப்புறமா முட்டையச் சாப்பிடுங்க” என்றாள். படித்தேன். முட்டை அப்படியே இருந்தது.

டொலீடோ நகரில் பல் மருத்துவராக இருக்கும் ஃபிலிஸ் ஹேவர்காம்ப் என்ற வாசகி, உன் கடைசி இதழில் பெரும் பிழை இருப்பதாகவும், அதை ‘நிகழாதது’ என்று அறிவிக்க வேண்டும் என்றும் கோரியிருந்தார். ஆட்சேபணை இருப்போர் ஜூலையில் நம் ஊரில் நடக்கும் வாசகர் மாநாட்டில், பிழை மன்றத்தின் முன் வாதாடலாம் என்று ஆசிரியர் கீழே குறிப்பு எழுதியிருந்தார். அந்தச் சொல்லின் கனம் உனக்குத் தெரியும். நிகழாதது என்று முத்திரை விழுந்துவிட்டால் பின்வரும் எந்தக் கதையும் அந்தக் கதையை நினைவுகூராது; மறுபதிப்பும் கிடையாது. அந்த நாயகனின் வாழ்வில் அப்படி ஒரு நாள் இருந்ததே இல்லை என்று ஆகிவிடும்.

அது எந்த நாள் என்பதும் உனக்குத் தெரியும். அந்த இதழில் அவன் எந்த உலகத்தையும் காப்பாற்றவில்லை. பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சனிக்கிழமைக் காலைக்குப் போகிறான். சமையலறை நாற்காலியில் அமர்ந்து, ஒரு சிறுமி பான்கேக்கின் மேல் இனிப்புப் பாகை ஊற்றிக்கொண்டே போவதைப் பார்க்கிறான். அவன் திரும்பியதை நீ வரையவில்லை. அந்தச் சிறுமி உன் மகள் என்பது உன்னையும் எங்களையும் தவிர யாருக்கும் தெரியாது. அவளை அடக்கம் செய்த மறு ஆண்டு நீ அதை வரைந்து கொடுத்துவிட்டு, அந்த வேலையையும் இந்த ஊரையும் விட்டுப் போனாய்.

நான் பத்திரங்களும் உயில்களும் பார்ப்பவன். நின்று வாதாடுவது என் தொழிலின் பகுதியன்று. ஆயினும் எதிர்வாதத்துக்கு வேறு ஒருவரும் முன்வரவில்லை என்று விசாரித்து அறிந்தபின், என் பெயரைக் கொடுத்தேன். உன்னிடம் அனுமதி கேட்காததற்குக் காரணம் உண்டு: கேட்டிருந்தால் நீ ‘விட்டுவிடு’ என்றிருப்பாய், அதன்பின் அதை மீறுவது என்னால் இயன்றிராது.

மன்றத்தின் விதிகள் சில நம் நீதிமன்றங்களைவிடக் கண்டிப்பானவை. அச்சான பக்கம் மட்டுமே சான்று. வரைந்தவரின் வாழ்க்கை, எழுதியவரின் எண்ணம், பதிப்பகத்தின் கோப்பு எதுவும் செல்லாது. சென்ற ஆண்டு வழக்கில் தோற்றவரே இந்த ஆண்டு நடுவர். இம்முறை அவர் பர்ல் கிட்ரெட்ஜ் என்ற லாரி ஓட்டுநர். வெள்ளி வண்ணம் அடித்த அட்டைத் தலைக்கவசத்தை இரண்டு காதும் சிவக்கும்படி மாட்டிக்கொண்டு, ஹோட்டல் விருந்துக்கூடத்தின் மேடையில் அமர்ந்திருந்தார். நான் ஓவியரின் அண்ணன் என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுவது முறையென்று எண்ணி, எழுந்து சொன்னேன்.

“அண்ணனா இருந்தா இருந்துட்டுப் போங்க, வக்கீலய்யா. இங்க பாதிப் பேரு காலந்தாண்டியே தன் கூடப் பொறந்தவன்னு நெனச்சுக்கிட்டுத்தான் டிக்கெட் எடுத்து வந்திருக்கான்” என்றார் நடுவர். கூடம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், “அப்ப தம்பிக்கு ஒரு போனப் போட்டுக் கேட்டுட்டா வேல முடிஞ்சுது!” என்று கத்தினார். “ஏலே, விதி தெரியாதவன் வாயத் தொறக்காத, உக்காரு” என்று நடுவரே அவரை அடக்கினார்.

டாக்டர் ஹேவர்காம்ப் எழுந்தார். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, ஒரு தாளும் இல்லாமல் பேசினார். அவருடைய வாதத்தில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

“நம்ம ஆளு எந்தக் காலத்துக்குப் போனாலும் கழுத்துல இருக்கற செவப்பு மஃப்ளர் அவன் சொந்தக் காலத்தப் பாத்துத்தான் பறக்கும். அச்சுப் பக்கத்துல எடது ஓரம் பழைய காலம், வலது ஓரம் வருங்காலம். பழைய காலத்துக்குப் போனா மஃப்ளர் வலது பக்கம் பறக்கும். வருங்காலத்துக்குப் போனா எடது பக்கம். வீட்டுல இருந்தாச் சும்மாத் தொங்கும். எங்கயும் எழுதிப் போட்டதில்ல; ஆனா இங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும். பனிக்காலத்துல பறந்துச்சு. கடலுக்கு அடியில பறந்துச்சு. ஜன்னலே இல்லாத பாதாளச் செறையிலகூடப் பறந்துச்சு. இந்தக் கடைசி இதழ்ல, பழைய காலத்துச் சமையலறையில, மொதப் பக்கத்துலேருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் செத்த பாம்பு மாதிரித் தொங்குது. வேலைய விட்டுப் போற மனுஷன். மனசு எங்கயோ இருந்திருக்கு. பாவம்தான். ஆனா சொத்தப் பல்லு சொத்தப் பல்லுதான். பிடுங்கியாகணும்.”

கைதட்டல் பலமாக இருந்தது. ‘மனசு எங்கயோ இருந்திருக்கு’ என்றபோது என் நாவின் நுனிவரை ஒரு வாக்கியம் வந்தது. அதைச் சொல்லியிருந்தால் அந்தக் கூடமே அழுதிருக்கும். வழக்கும் அக்கணமே முடிந்திருக்கும். ஆனால் அது சான்றாகாது. அதைவிட, அது உனக்குரியது. என் வாதத்துக்குப் பயன்படுத்த எனக்கு உரிமை இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தேன்.

டாக்டரிடம் கேள்விகள் கேட்க அனுமதி கோரினேன்.

சன்னலற்ற சிறையிலும் கடலடியிலும் பறந்தது என்றால், அதை அசைப்பது காற்றல்லவே என்று கேட்டேன். “காத்தா? காத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அவனோட சொந்தக் காலம் அவன இழுக்குது” என்றார். தொங்கினால் என்ன பொருள் என்றேன். “சொந்தக் காலத்துல இருக்கான்னு பொருள்.” அந்தச் சொந்தக் காலம் எது என்று எந்த இதழிலாவது அச்சாகியிருக்கிறதா என்றேன். அவர் சிரித்தார். “அச்சாகணுமா? அவன் வீடு இருக்கே! அங்க மஃப்ளர் தொங்குதே! மொத இதழ்லேருந்து தொங்குது.”

எல்லா இதழ்களிலுமா என்று கேட்டேன்.

“எல்லாத்துலயும்” என்றார், ஒரு நொடியும் தாமதிக்காமல்.

தம்பி, இங்கேதான் நான் ஜூன் முழுவதும் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். ஒரு நிலப் பத்திரத்தைப் படிக்கும்போது எல்லோரும் விலையையும் பெயரையும் பார்ப்பார்கள். நான் நான்கெல்லையிலிருந்து தொடங்குவேன். அவ்வாறே உன் இதழ்களை உணவு மேசையில் பரப்பி, மஃப்ளர் பறக்கும் பக்கங்களை ஒதுக்கிவிட்டு, அவன் வீட்டிலிருக்கும் சலிப்பூட்டும் கட்டங்களை மட்டும் வரிசையாகப் பார்த்தேன். ஷூவுக்கு மெருகு போடுகிறான், தபாலைப் பிரிக்கிறான், தூங்க முடியாமல் பாலைக் காய்ச்சுகிறான். ஆண்டுக்கணக்காக மஃப்ளர் நேராகத் தொங்குகிறது. ஒரு நவம்பர் இதழில் அதன் நுனி இடது பக்கம் சற்றே தூக்கி நிற்கிறது. அடுத்த மாதம் இன்னும் சற்று. அதன்பின் நீ வரைந்த எல்லா இதழ்களிலும், அவன் தன் வீட்டிலேயே இருக்கும்போது, அது இடது பக்கமே சாய்ந்திருக்கிறது. அந்த நவம்பரில் என்ன நடந்தது என்பதை அன்று மேசையருகே நின்ற அடலைனிடம் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் மேசைவிளக்கை இன்னும் அருகே நகர்த்திவிட்டு, என் பக்கத்தில் அமர்ந்துகொண்டாள்.

மன்றத்தில் அந்த இதழ்களைக் காலவரிசையில் டாக்டரின் முன் வைத்தேன். வீட்டுக் காட்சிகளை மட்டும் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன்.

கண்ணாடி தலையிலிருந்து மூக்குக்கு இறங்கியது. அவர் ஒன்றைப் பார்த்தார், அடுத்ததை எடுத்தார், முந்தியதை மறுபடி எடுத்தார். “டாக்டரம்மா, என்னாச்சு? எங்களுக்கும் சொல்லுங்க” என்றார் நடுவர்.

“இருங்க, பர்ல்” என்றார். பிறகு மெல்ல, “பறக்கறப்ப மட்டும்தான் மஃப்ளரப் பாத்திருக்கோம். எல்லாருமே. வீட்டுல இருக்கறப்ப ஒருத்தரும் பாக்கல. இந்த மனுஷன் ஒரு வருஷமாச் சொல்லிக்கிட்டே இருந்திருக்காரு” என்றார்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று நான் கேட்டேன். அதை என் வாயால் சொல்லாமல் அவர் வாயால் வரவைப்பதே சரியென்று எனக்குப் பட்டது.

“அவனுக்கு வீடு வீடா இல்லாமப் போச்சு. அவன் சொந்தக் காலம் பின்னால போயிருச்சு. அந்தச் சமையலறைக்கு. அதனாலதான் அங்க தொங்குது. அங்க அவன் விருந்தாளி இல்ல.” கண்ணாடியைக் கழற்றினார். “பிழை எங்களோடது.”

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கையை உயர்த்தி வாக்களிப்பதில்லை. எதிர்வாதத்தை ஏற்பவர்கள் தாங்கள் கொண்டுவந்த சிவப்பு மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொள்ள வேண்டும். ஜூலை மாத இந்தியானா. ஹோட்டலின் குளிர்சாதனமோ முதல் நாளே நின்றுபோயிருந்தது. முதலில் சுற்றிக்கொண்டவர் டாக்டர் ஹேவர்காம்ப். அடுத்து முன்வரிசை. பிறகு யார் முதல், யார் பின் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி கூடம் முழுவதும் சிவந்தது. வியர்வை வழிய, கம்பளி மஃப்ளர்களோடு எழுந்து நின்று தரையைக் காலால் தட்டினார்கள். என்னிடம் மஃப்ளர் இல்லை. போன் போடச் சொல்லிக் கத்திய அந்தப் பின்வரிசைக்காரர் ஓடிவந்து தன்னுடையதைக் கழற்றி என் கழுத்தில் போட்டு, “ஐயா, நான் முட்டாப்பய. மன்னிச்சுக்கங்க” என்றார். நான் அதைக் கழற்றவில்லை. அடலைன் ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்று தட்டிக்கொண்டிருந்தாள். முழங்கால் வலிக்கு மருந்து எடுப்பவள் அவள் என்பதை நினைவூட்ட நான் முற்பட்டேன். கேட்கும் நிலையில் அவள் இல்லை.

நடுவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தீர்ப்பை அறிவித்தார்: “நிகழ்ந்தது. நிகழ்ந்தேதான் இருக்கு. இனிமே எவனாவது இல்லேன்னு சொன்னா என் லாரிய அவன் வாசல்ல கொண்டாந்து நிறுத்துவேன்.” ஆசிரியர் டெஸ்மண்ட் பிரூயிட், உன் காலத்துக்குப் பின் வந்த இளைஞர், மேடையேறி அதை ஏற்றுக்கொண்டார். வரும் வசந்தத்தில் அந்த இதழ் உன் பெயரோடு மறுபதிப்பாகிறது.

பின்னர் அவர் என்னைத் தனியே அழைத்து, மறுபதிப்புக்கு நீ புதிய அட்டைப்படம் வரைந்து தருவாயா என்று கேட்டார். “அவரு எத வேணும்னாலும் போடட்டும் சார். எப்பவும் அட்டை மொதல்ல, கதை அப்புறம்தானே? அவரு போடற படத்துக்கு நாங்க கதை எழுதிக்கறோம்” என்றார். உன் சார்பில் எந்த உறுதியும் அளிக்க எனக்கு அதிகாரம் இல்லை என்று சொன்னேன். செய்தியைச் சேர்ப்பிப்பதாக மட்டும் ஒப்புக்கொண்டேன், சேர்ப்பித்துவிட்டேன்.

இன்னும் ஒன்று. கூட்டம் கலைந்தபின், காப்பி வைத்திருந்த மேசையருகே டாக்டர் ஹேவர்காம்ப் என்னிடம் வந்தார். “பல்லப் பிடுங்க வந்தேன் வக்கீல் சார். வேரு இவ்ளோ ஆழம்னு தெரியல” என்றார். பிறகு, தயங்கி, “அந்தப் பொண்ணோட மூக்கு அச்சு அசல் உங்க மூக்கு” என்றார். அச்சான பக்கத்துக்கு அப்பாற்பட்ட எதையும் சொல்ல விதி இடம்தராது என்று பதில் சொன்னேன். அவர் என் முழங்கையைத் தொட்டு, “மன்றம் முடிஞ்சிருச்சு சார்” என்றார்.

முடிந்துதான் இருந்தது. ஆகவே அவரிடம் பெயரைச் சொன்னேன். கோரா என்றேன். அவள் பாகை நிறுத்தாமல் ஊற்றுவாள் என்பதையும், கேட்டால் பான்கேக்குக்குத் தாகம் என்பாள் என்பதையும் சொன்னேன். அடலைன் வந்து சேர்ந்துகொண்டு, எனக்கு மறந்துபோன சிலவற்றைச் சொன்னாள். ஹோட்டல்காரர்கள் மேசை விரிப்புகளை எடுக்கத் தொடங்கும்வரை நாங்கள் மூவரும் அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் இரண்டு முறை சத்தமாகச் சிரித்தோம்.

டெல்மர், நாம் மூவரும் சேர்ந்து அவளைப் பற்றி இன்னும் பேசவில்லை. அட்டைப்படம் வரைவதா வேண்டாமா என்பதில் நான் ஆலோசனை கூறப்போவதில்லை. ஆனால் ஒன்றை, எந்த நிபந்தனையும் எந்த விலக்கும் சேர்க்காமல், என் வாழ்நாளில் முதன்முறையாக எழுதுகிறேன்: வீட்டுக்கு வா. எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு.

கடவுள் உன்னைக் காத்து, பத்திரமாக எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பாராக.

என்றும் உன் அன்பு அண்ணன்,
ஆரின் ஆம்ஸ்டட்ஸ்